மோதிரம் போடாத டேப்

ஜூலை 3, புதன்

இந்த நோட்டு, ஐந்து மாதமாக நான் போகும் முதியோர் எழுத்து வகுப்பின் தமயந்தி டீச்சர் கொடுத்தது. தினமும் எழுதுங்கள், எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், நான் வாங்கிப் பார்க்க மாட்டேன் என்றார்.

என் பெயர் நஞ்சப்பன். வயது எழுபத்திரண்டு. என் மனைவி பெயர் மயிலாத்தாள். மகள் பூங்கொடி திருப்பூரில் இருக்கிறாள். நான் கோயம்புத்தூரில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவன்.

இதை எழுத முக்கால் மணி நேரம் ஆயிற்று. மயிலாத்தாள் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, எம்பேருல துணைக்காலு வளைஞ்சு கெடக்குது" என்றாள். அவள் ஐந்தாவது வரை படித்தவள். நிமிர்த்திப் போட்டேன்.

ஜூலை 4, வியாழன்

சிறுவாணித் தண்ணீர் வந்தது. ஆறு குடம்.

ஜூலை 6, சனி

எழுதப் படிக்க ஏன் வந்தீர்கள் என்று டீச்சர் ஒவ்வொருவராகக் கேட்டார். பஸ் போர்டு படிக்க என்று நான் சொன்னேன். வகுப்பில் பாதிப் பேர் அதையேதான் சொன்னார்கள்.

திரும்பும் வழியில் எல்லாவற்றையும் படித்தேன். பழைய இரும்பு வாங்கப்படும். இடியாப்ப மாவு கிடைக்கும். மில் காம்பவுண்டில் ஒரு சுவர். வேலைக்குப் போன காலத்தில் அந்தச் சுவரோரம் எத்தனையோ முறை ஒதுங்கியிருக்கிறேன். இன்று படித்தால், இங்கே அசுத்தம் செய்யாதே என்று ஆளுயர எழுத்து. சாயம் போன பழைய எழுத்து. இத்தனை வருடமும் அந்தச் சுவர் என்னை அதட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

மயிலாத்தாளிடம் சொன்னேன். அவள் சிரித்ததில் புரையேறிவிட்டது.

ஜூலை 9, செவ்வாய்

இன்று ஒரு அம்மிணி கார் எடுத்துக்கொண்டு வந்து, "நஞ்சப்பண்ணா, என்னைத் தெரியுதா?" என்று கேட்டார். நரைத்த தலை, கண்ணாடி. தெரியவில்லை.

"ஷமீம். கம்ப்யூட்டர் ரூம்ல மூணாம் நம்பர் டெர்மினல். நீங்க எனக்கு மட்டும் சர்க்கரை கம்மியா டீ கொண்டு வருவீங்க."

தெரிந்துவிட்டது. அப்போது ஒல்லியாக, ரெட்டைச் சடையோடு இருக்கும். ஷமீம் என்ற பெயரை இங்கே நான் யாரையும் கேட்காமல் எழுதுகிறேன். ஷ எனக்கு முன்பே தெரியும். பாடத்தில் அது வருவதற்கு முன்னாலேயே டீச்சரிடம் தனியாகக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். அது எதற்கு இப்போது என்று டீச்சர் கேட்டார். ஷர்ட் எழுத என்று சொன்னேன்.

அம்மிணி வந்த விஷயம் இது. தொண்ணூறாம் ஆண்டில் இவரும் இன்னும் இரண்டு மாணவர்களும் அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஒரு விளையாட்டைச் செய்து வைத்திருந்தார்கள். படமே கிடையாது. எழுத்து மட்டும்தான். ஒரு வறண்ட கிணறு. கயிற்றைப் பிடித்து இறங்கினால் அடியில் ஒரு ஊர். அதற்குக் கிணத்தூர் என்று பெயர். தெரு, சந்தை, கோயில், சத்திரம் என்று நூற்று நாற்பது இடங்கள். வடக்கே போ என்று தட்டினால் வடக்கே என்ன இருக்கிறதென்று எழுத்தில் வரும். பன்னிரண்டு டெர்மினலிலும் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தால் பன்னிரண்டு பேரும் அந்த ஊருக்குள் ஒருவரை ஒருவர் சந்திப்பார்கள். சென்னைக் கல்லூரி ஒன்றிலிருந்து டெலிபோன் கம்பி வழியாகவும் ஒருவர் வருவாராம். அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை.

"உலகத்துல மத்த இடத்துல இந்த மாதிரி வெளையாட்டெல்லாம் பத்திரமா எடுத்து வெச்சிருக்காங்க அண்ணா. தமிழ்ல பண்ணினது எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான். இதை மட்டும் தொலைச்சிட்டோம். விளையாட்டை ஓட்டற புரோகிராம் எங்ககூடப் பண்ணின சேகர் வீட்டுப் பழைய ஃப்ளாப்பியில கெடைச்சிடுச்சு. ஊர்தான் இல்ல. தெருவுல என்ன இருந்துச்சு, சந்தையில என்ன இருந்துச்சு, ஒரு எழுத்து இல்ல. உங்களுக்கு ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இருப்பது சத்தம்தான். இடி மாதிரித் தட்டுவார்கள். திடீரென்று பன்னிரண்டு பேரும் ஒன்றாகச் சிரிப்பார்கள். எதற்கென்று எனக்குத் தெரியாது.

ஜூலை 10, புதன்

காலையில் ஒரு நினைப்பு வந்தது. அந்த ரூமில் பிரிண்டர் தள்ளும் வேண்டாத காகிதத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவருவேன். இரண்டு ஓரமும் ஓட்டை ஓட்டையாக, மடிப்பு மடிப்பாக, பச்சைப் பட்டை போட்ட காகிதம். பூங்கொடி பின்பக்கத்தில் கணக்குப் போடுவாள். மிச்சத்தை மயிலாத்தாள் டிரங்குப் பெட்டியிலும் அலமாரியிலும் விரிப்பாள்.

பெட்டியைக் கவிழ்த்தோம். அடியில் ஒரு சாண் உயரத்துக்கு இருந்தது. பழைய பட்டுப்புடவையின் வாசம் அடித்தது.

உடனே படிக்கலாம் என்று கண்ணாடியை மாட்டினேன். எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. இருநூற்று நாற்பத்தேழு எழுத்தைப் பாடுபட்டுக் கற்றிருக்கிறேன், அதில் ஒன்றுகூட அங்கே இல்லை.

ஜூலை 13, சனி

அம்மிணி வந்து காகிதத்தைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு வாசித்தார். இங்கிலீஷ் எழுத்துதான், ஆனால் வாசித்தால் தமிழ்! அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து வராது என்பதால் அப்படித் தட்டினார்களாம்.

"சந்தைத் தெரு. ஒரு கிழவர் வெங்காயம் விற்கிறார். விலை கேட்டால் அழுவார்."

மயிலாத்தாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அப்புறம்?" என்றாள்.

"வடக்கே சத்திரம். கிழக்கே இருட்டு."

"இருட்டுக்குள்ள என்னம்மா இருக்குது?"

"அது அடுத்த தாள்ல இருக்கும்க்கா." புரட்டினால் அடுத்த தாளில் பூங்கொடியின் பெருக்கல் கணக்கு. அந்த இடம் கிழிந்துபோயிருந்தது. மயிலாத்தாளுக்கு வருத்தம். மகளைப் போனில் கூப்பிட்டு எட்டு வயதில் கிழித்ததற்கு இப்போது திட்டினாள்.

அம்மிணி எண்ணிப் பார்த்தார். நூற்று நாற்பதில் தொண்ணூற்றாறு இடங்கள் கிடைத்துவிட்டன.

காபி குடிக்கும்போது அவர் கண் சமையல் மேடைக்குப் போனது. மயிலாத்தாள் ரசச் சட்டியை ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வளையத்தின் மேல் வைத்திருந்தாள். பிரிமணையாக அதுதான் எங்கள் வீட்டில்.

"இது டேப் ரிங்தானே!" என்று அம்மிணி கையில் எடுத்துக்கொண்டார்.

அதைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் நானே மயிலாத்தாளுக்கு விளக்கினேன். அந்தக் காலத்து டேப் அப்பளக் கட்டு மாதிரி வட்டமாக, பெரிதாக இருக்கும். அதன் முதுகில் ஒரு பள்ளம். பள்ளத்தில் இந்த வளையத்தை மாட்டினால்தான் மெஷின் அந்த டேப்பில் புதிதாக எழுதும். கழற்றிவிட்டால் படிக்க மட்டும்தான் முடியும், பழையதை அழிக்க முடியாது. ரிங் என்பார்கள். நான் மோதிரம் என்பேன். பிறகு ரூமில் எல்லோரும் மோதிரம் என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். மோதிரம் இருந்தால் எழுது, இல்லாவிட்டால் தொடாதே. அதுதான் ரூம் சட்டம்.

"அதுலதானே எல்லாம் போச்சு" என்றார் அம்மிணி. "ஊர் முழுக்க ரெண்டு டேப்ல எடுத்து வெச்சிருந்தோம். ஆபரேட்டர் தேவசகாயம் சார் மோதிரத்தைக் கழட்ட மறந்துட்டாரு. திங்கக்கிழமை அவரே அந்த ரெண்டுலயும் பரீட்சை மார்க்கை எழுதிட்டாரு."

காபி ஆறுகிறது என்றேன்.

ஜூலை 14, ஞாயிறு

மழை. எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 21, ஞாயிறு

அம்மிணி இந்த விளையாட்டின் வரலாற்றையும் எழுதுகிறார். அதற்காகத் தேவசகாயம் சாரைப் பார்க்கப் போத்தனூருக்குப் போனோம். நானும் வர வேண்டும் என்றார். இடுப்பு வலி என்று சொல்லிப் பார்த்தேன். "கார்ல தானுங்கண்ணா" என்றார்.

சார்தான் அந்த ரூமின் ஆபரேட்டர். இப்போது வயது எழுபத்தேழு. மனைவி போய்விட்டார், தனியாக இருக்கிறார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நஞ்சப்பா! இன்னும் அப்படியே இருக்கியேய்யா. டை அடிக்கறயா?"

"இல்லீங்க சார், எண்ணெய்தானுங்க."

டேப் விஷயத்தை அம்மிணி மெதுவாகத்தான் கேட்டார். சார் தலையைக் குனிந்துகொண்டார்.

"கழட்டுனதாத்தான்மா ஞாபகம். ரெண்டையும் இந்தக் கையால கழட்டி டப்பாவுல போட்டேன். ஆனா கழட்டியிருந்தா மெஷின் எழுதியிருக்காதே? அப்போ நான் கழட்டல. கழட்டுனதா நெனச்சிருக்கேன். அவ்வளவுதான். பசங்க என் மூஞ்சில முழிக்க மாட்டேன்னுட்டாங்க. டிபார்ட்மெண்ட் எச்ஓடி என்னைத் தூக்கி லைப்ரரி குடோன்ல போட்டாரு. அவரு செஞ்சது சரிதான். என் கையை என்னாலயே நம்ப முடியல."

கதவின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தமிழில் இருந்ததால் நான் சத்தமாகப் படித்தேன். "கேஸ். மோட்டார். பின்கதவு. ஜன்னல். முன்பூட்டு." சார் ஆச்சரியப்பட்டார். எனக்குப் படிக்கத் தெரியும் என்றுதானே அவர் எப்போதும் நினைத்திருந்தார், எதற்கு ஆச்சரியம் என்று ஒரு நொடி குழம்பினேன். நான் எழுத்துக் கூட்டிப் படித்ததுதான் காரணம்.

எங்களை வழியனுப்ப, கார் நின்ற பஸ் ஸ்டாப் கடை வரை வந்தார். பூட்டைப் பூட்டி இழுத்துப் பார்த்தார். பத்தடி வந்து திரும்பிப் போய் இழுத்துப் பார்த்தார். தெருமுனை வந்ததும், "ஒரு நிமிசம்மா" என்று மறுபடியும் போனார்.

ஜூலை 22, திங்கள்

இடுப்பு வலி. வகுப்புக்குப் போகவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

இன்று நான் கிணத்தூருக்குப் போனேன்!

அம்மிணி எல்லாவற்றையும் தமிழ் எழுத்துக்கு மாற்றி, ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் போட்டு என் முன்னால் வைத்தார். புதிதாகப் படிக்கிறவர் ஒருவர் விளையாடிப் பார்த்தால்தான் எங்கே தடுக்குகிறதென்று தெரியுமாம். கீபோர்டில் தமிழ் எழுத்து ஒட்டியிருந்தது. அம்மிணி தன் வீட்டுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் திரையில் வந்தது.

நீ கிணற்றின் விளிம்பில் நிற்கிறாய். கயிறு தொங்குகிறது.

படித்தேன். இன்னொரு முறை படித்தேன். என் வாழ்நாளில் எந்த எழுத்தும் என்னைப் பார்த்து நீ என்று பேசியதில்லை. இ, ற, ங், கு என்று தேடித் தேடித் தட்டினேன். இறங்கிவிட்டேன். வகுப்பில் இறங்கு என்று நூறு முறை எழுதியிருக்கிறேன், ஒன்றும் நடந்ததில்லை.

கிழக்கே போனேன். அப்போது, ஷமீம் இங்கே நிற்கிறாள், என்று வந்தது. அவர் வீட்டில் இருக்கிறார், நான் என் வீட்டில் இருக்கிறேன், இரண்டு பேரும் சந்தைத் தெருவில் நிற்கிறோம். மரியாதைக்கு, வாங்க அம்மிணி, என்று தட்டினேன். கிணத்தூருக்கு அந்தப் பேச்சு புரியவில்லை, என்று பதில் வந்தது.

"அந்த ஊருக்கு மரியாதை தெரியாதாட்ட இருக்குது" என்றாள் மயிலாத்தாள்.

வெங்காயக் கிழவரிடம் விலை கேட்டேன். அழுதார். மயிலாத்தாள் சிரிக்க, பன்னிரண்டு பேர் அன்றைக்கு எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்கு இன்றைக்குத் தெரிந்தது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கண் எரிகிறது. விளையாட்டில் என்னை வைத்திருக்கிறார்கள்.

சத்திரத்தைத் தாண்டி ஒரு வாசல். அங்கே வந்த எழுத்தை அப்படியே இங்கே எழுதுகிறேன். நஞ்சப்பண்ணன் வாசலில் நிற்கிறார். கையில் மோதிரக் கொத்து. கேட்டால் ஒன்று தருவார். மோதிரம் இருப்பவர் இந்த ஊரின் சுவர்களில் எழுதலாம். இல்லாதவர் படிக்கலாம். இந்த ஊரில் எல்லோரையும் விட நிறையப் படித்தவர் நஞ்சப்பண்ணன், ஏனென்றால் அவர் எதையும் சொல்வதில்லை.

அந்தக் கடைசி வரியை அம்மிணி போனில் சொல்லிச் சிரித்தார். "நீங்க எதையும் பாத்துட்டு தலையாட்டிட்டே போவீங்க. நாங்க எல்லாம் நீங்க பெரிய படிப்பாளின்னு பேசிக்குவோம்."

தலையாட்டியது உண்மைதான்.

ஆகஸ்ட் 10, சனி

வரலாறு எழுதி முடித்துவிட்டார். அச்சடித்து என்னிடம் கொடுத்து, முதலில் நீங்கள் படியுங்கள் என்றார். செப்டம்பர் பதினைந்து ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் பழைய ஆட்களைக் கூப்பிட்டு ஊரைத் திறக்கப் போகிறாராம். அன்றைக்கே இந்த வரலாறும் எல்லோரும் படிக்கும்படி கம்ப்யூட்டரில் ஏறிவிடும். வெளிநாட்டில் இப்படிப்பட்ட விளையாட்டுகளைச் சேர்த்து வைக்கிறவர்களும் எடுத்து வைத்துக்கொள்வார்களாம். பிறகு அது அழியாது என்றார்.

நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. ஆபரேட்டர் தேவசகாயத்தின் கவனக்குறைவால், 1991 மார்ச்சில் கிணத்தூர் முற்றிலும் அழிந்தது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கவனக்குறைவு என்பதில் வல்லின றகரம் என்று கவனித்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

தண்ணீர் வரவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மயிலாத்தாள், "ஏனுங்க, சோத்த அளையறீங்க, திங்க மாட்டீங்கறீங்க" என்றாள். சுகர் என்றேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

வகுப்பில் கொடியேற்றம். மிட்டாய் கொடுத்தார்கள். மத்தியானம் முழுக்க இருந்து இதை எழுதுகிறேன். டீச்சர் படிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

எட்டாவது பாஸ் என்று சொல்லித்தான் அந்த வேலையில் சேர்ந்தேன். சேர்ந்த பிறகு எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். டேப்பை ரேக்கில் இருக்கும் இடத்தை வைத்துத் தெரிந்துகொள்வேன். ஃபைலை அட்டையின் கறையை வைத்து. யாராவது காகிதத்தைக் காட்டினால் பார்த்துவிட்டுத் தலையாட்டுவேன். பதினோரு வருடம் ஒரு தப்பும் வரவில்லை.

டப்பாவில் கிடக்கும் மோதிரங்களில் கொஞ்சத்தைப் பூங்கொடிக்கு வளையல் போட்டு விளையாடக் கொண்டு வருவேன். ஒரு சனிக்கிழமை காலை, மோதிரம் குறைகிறது, திங்கட்கிழமை எண்ணிப் பார்ப்பேன் என்று எச்ஓடி சத்தம் போட்டார். மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது பூங்கொடி அழ அழக் கையில் கிடைத்த மோதிரங்களைப் பிடுங்கிக்கொண்டு போனேன். எல்லோரும் போன பிறகு ரேக்கைப் பார்த்தேன். சில டேப்பில் மோதிரம் இல்லை. அவை கழற்றப்பட்டவை என்று தெரியும். ஆனால் நான்தான் அதிகமாக எடுத்துவிட்டேனோ, டப்பாவில் மாட்ட மோதிரம் இல்லாமல்தான் இவை மொட்டையாக இருக்கின்றனவோ என்று பயம். எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்றாக மாட்டினேன். துணியால் துடைத்து வரிசையாக வைத்தேன். அன்றைக்கு ரேக்கைப் பார்க்க அழகாக இருந்தது.

இரண்டு டேப்பைச் சேர்த்து ஒரு தாள் ஒட்டியிருந்தது. தமிழில் எழுதிய தாள். உரித்தால்தான் மோதிரம் மாட்ட முடியும். உரித்துச் சட்டைப் பையில் வைத்தேன். மயிலாத்தாளிடம் காட்டலாம் என்று நினைத்தேன். மறந்துபோனேன். செவ்வாய்க்கிழமை ரூமில் அழுகையும் சத்தமும் கேட்ட பிறகு காட்டவில்லை.

முப்பத்துமூன்று வருடம் அந்தத் தாள் ரேஷன் கார்டு உறைக்குள் இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எப்படி இருப்பது? அதைப் படிக்கத்தான் வகுப்பில் சேர்ந்தேன். நான்காம் மாதம் படித்துவிட்டேன். ஒரே ஒரு எழுத்து தெரியவில்லை. அதைத்தான் டீச்சரிடம் கேட்டேன்.

நஞ்சப்பண்ணா, இந்த ரெண்டு டேப்புக்கும் மோதிரம் போடாதீங்க. எங்க ஊர் இதுக்குள்ள இருக்கு. ஷமீம்.

ரூமில் மற்ற தாளெல்லாம் இங்கிலீஷில் இருக்கும். எனக்காகத்தான் இதைத் தமிழில் எழுதியிருக்கிறார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மயிலாத்தாளிடம் நோட்டைக் கொடுத்தேன். நான் எழுதியதை அவள் முழுதாகப் படித்தது இதுவே முதல் முறை. உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள். தாளையும் படித்தாள்.

"அன்னைக்கே எங்கிட்ட நீட்டியிருந்தா ஒரு நிமிசம் ஆயிருக்குமுங்க" என்றாள். பிறகு மேடையிலிருந்த மஞ்சள் வளையத்தைக் கழுவித் துடைத்து, என் பை பக்கத்தில் வைத்தாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பஸ்ஸில் போத்தனூர் போனேன். போர்டைப் படித்துத்தான் ஏறினேன். அதில் இன்று சந்தோஷம் ஒன்றும் இல்லை.

சார் ஞாயிறு கோயில் முடிந்து வந்து வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். வீட்டில் மனப்பாடம் செய்த மாதிரி வரவில்லை, முன்னும் பின்னுமாக வந்தது. மஞ்சள் வளையத்தை மேசையில் வைத்தேன், தாளைக் காட்டினேன்.

"இது அந்தப் பொண்ணு எழுத்து" என்றார். பிறகு, "எனக்கு அதெல்லாம் வேண்டாம். ஒண்ணு மட்டும் சொல்லு. நீ பாக்கறப்ப அந்த ரெண்டுலயும் மோதிரம் இல்ல?"

"இல்லீங்க சார். அதனாலதானுங்க நான் போட்டேன்."

"நான் கழட்டியிருந்தேன்."

"கழட்டியிருந்தீங்க சார்."

"ரெண்டையும்?"

"ரெண்டையுமுங்க."

"மறுபடி சொல்லு."

சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இன்னொரு தரம் சொல்லுய்யா." மூன்றாம் முறையும் சொன்னேன்.

தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் கோபம் வந்தது. "எம் பொண்டாட்டி சாகற வரைக்கும் என்னை அடுப்புப் பக்கம் விட்டதில்ல, தெரியுமா உனக்கு? மறதிக்காரன், மறதிக்காரன்னு. அவ போயாச்சு. இனி யார்கிட்டப் போயி நான் சொல்ல? குடோனுக்கும் நீதானே டீ கொண்டு வருவ. தெனமும் என் முன்னாடிதான் கொண்டாந்து வெச்ச. ஒரு நாளு வாயத் தொறந்தியாடா நீ?"

"வேல போயிருமுன்னு பயமுங்க சார். படிக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சிருமுன்னு அதுக்கு மேல பயமுங்க."

"போயிரு நஞ்சப்பா" என்றார். "இப்பப் போயிரு."

வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

அம்மிணியிடமும் சொல்லியாயிற்று. தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "இருபத்தோரு வயசுல எழுதினது. எவ்வளவு அழகா எழுதியிருக்கேன் பாருங்க" என்றார். "வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சார்கிட்ட நான் கடைசி வருஷம் முழுக்கப் பேசவே இல்ல அண்ணா."

மூன்றாம் பக்கத்தை மாற்றி எழுதுகிறேன் என்றார். அந்த ஒரு வரியை நான் எழுதட்டுமா என்று கேட்டேன். பேனாவைக் கொடுத்தார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

கிணத்தூருக்குத் தனியாகப் போனேன். வாசலில் நிற்கும் என்னிடம் நானே மோதிரம் கேட்டேன். கொடுத்தார். கிணற்றின் அடியில், கயிற்றில் இறங்கினால் முதலில் கண்ணில் படும் சுவரில் எழுதினேன்.

1991 மார்ச்சில் இந்த ஊர் அழிந்தது. தேவசகாயம் சார் மோதிரத்தைக் கழற்றித்தான் வைத்திருந்தார். மறுபடி மாட்டியது நான். எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. நஞ்சப்பன்.

பிறகு மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எழுதியவர் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அந்த எழுத்தின் மேல் இனி யாரும் எழுத முடியாது என்பது கிணத்தூர்ச் சட்டம். நானும்தான்.

செப்டம்பர் 8, ஞாயிறு

சாரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மயிலாத்தாள் கிழிந்துபோன அந்த இருட்டைப் பற்றி மறுபடி கேட்டாள். அம்மிணிக்கும் ஞாபகம் இல்லையாம். கிழக்கே இருட்டு என்று மட்டும் அப்படியே விட்டுவிடப் போகிறார். தெரியாததைப் புதிதாகப் புனைந்து போட மாட்டாராம். மயிலாத்தாளுக்கு அது பிடித்திருக்கிறது. தினமும் ஒரு முறை என்னைக் கிழக்கே போகச் சொல்லி, எதுவும் இல்லை என்று வந்ததும் எழுந்து போகிறாள்.

செப்டம்பர் 14, சனி

சார் போன் செய்தார். "நாளைக்கு அந்தப் பொண்ணு வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கு. எனக்கு வழி தெரியாது. நீ வந்து கூட்டிட்டுப் போ."

"வாரனுங்க சார்."

"மன்னிச்சிட்டேன்னு எல்லாம் நெனச்சுக்காத."

"இல்லீங்க சார்."

"சுவத்துல எழுதினதப் பாத்தேன். அந்தப் பொண்ணு போன்ல காட்டுச்சு. கழற்றிங்கறத ஒழுங்கா எழுதியிருக்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இரண்டு மணிக்குப் போத்தனூர் போய்ச் சேர்ந்தேன். சார் அதே வெள்ளைச் சட்டை. கதவின் உள்பக்கத்தில் தாள் இன்னும் ஒட்டித்தான் இருக்கிறது. கேஸ், மோட்டார், பின்கதவு, ஜன்னல், முன்பூட்டு. நான் இந்த முறை மனதுக்குள் படித்தேன். சார் அதைப் பார்க்கவில்லை, குடையைத் தேடிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து பூட்டைப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "என்னய்யா நிக்கற, பஸ் போயிரும்" என்று நடந்தார்.

பத்தடி நடந்தோம். நேற்று மழை பெய்ததா உங்கள் பக்கம் என்று கேட்டார். பெய்தது என்றேன். பேக்கரியைத் தாண்டினோம். அவர் நேராகத்தான் பார்த்துக்கொண்டு நடந்தார்.

தெருமுனையில் நான்தான் ஒருமுறை திரும்பிப் பூட்டைப் பார்த்தேன்.